குவாரி அறிக்கையை ஊரோடு வைத்துப் படிப்பது எப்படி

31 வருஷம் கிராமத் தபால்காரனாக இருந்தேன். கரூர் மாவட்டத்தின் மேற்குப் பக்கம், முருங்கையும் கொறங்காடு என்ற மேய்ச்சல் காடும் கலந்த மேட்டு நிலத்தில் ஏழு குக்கிராமங்களுக்குச் சைக்கிளில் தபால் கொண்டு போவேன். எங்கள் பக்கம் வீடுகள் தெருவாக இருப்பது குறைவு. ஆளுக்கொரு தோட்டம், தோட்டத்துக்குள் ஒரு சாளை, அதாவது தோட்டத்து வீடு. ஒரு மணியார்டர் கொடுக்க ஒன்றரை மைல் ஒற்றையடிப் பாதையில் போக வேண்டியிருக்கும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊரை ஒட்டிக் கல்குவாரி வருவதாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது. அதற்கான சுற்றுச்சூழல் அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். ‘குத்தகைப் பகுதியின் எல்லையிலிருந்து 300 மீட்டருக்குள் குடியிருப்பு எதுவும் இல்லை’ என்று அச்சடித்திருந்தது. அந்த 300 மீட்டருக்குள் நாலு வீட்டில் நான் முதியோர் உதவித்தொகை கொடுத்திருக்கிறேன். ஒரு வீட்டில் நாய்க்குப் பயந்து வேலிப் படலிலேயே நின்று கூப்பிடுவேன். அந்த வீடு எப்படி இல்லாமல் போகும்?

அந்தக் கேள்வியில் தொடங்கி மூன்று மாதம் அந்த அறிக்கையோடு மல்லுக்கட்டினேன். அதில் கற்றுக்கொண்டதை, உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் உதவும் என்று எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது கல்குவாரிதான். ஆனாலும் வேறு திட்டமாக இருந்தாலும் படிக்கும் விதம் பெரிதாக மாறாது.

முதலில் நாளைக் கணக்கு வையுங்கள்

2006 செப்டம்பர் 14-ஆம் தேதி வந்த மத்திய அரசு அறிவிக்கைப்படிதான் இந்த நடைமுறை எல்லாம். சுரங்கம், ஆலை, பெரிய கட்டடம் என்று அதன் பட்டியலில் உள்ள திட்டங்கள் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். பாதிப்பு கூடுதலாக இருக்கும் என்று கருதும் வகைகளுக்கு ஆய்வறிக்கை தயாரித்து, மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு கொடுப்பார்கள். அதை யாராவது ஒருவர் பார்த்தால்தான் உண்டு. எங்கள் ஊரில் டீக்கடைக்கு வரும் பேப்பரில் பார்த்தது, அதுவும் அஞ்சு நாள் கழித்து. ஆக 25 நாள்தான் கையில் இருந்தது.

அந்த நாளே போய் அறிக்கையை வாங்குங்கள். வரைவு அறிக்கையைக் கலெக்டர் அலுவலகம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், ஊராட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் போன்ற இடங்களில் மக்கள் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். வாரியத்தின் இணையதளத்திலும் பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளத்திலும் தேடிப் பாருங்கள்.

தமிழில் இருப்பது சுருக்கம் மட்டும். அது இருபது முப்பது பக்கம் இருக்கும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் சில நூறு பக்கம். சுருக்கம் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வீடு இல்லை, நீர் பாதிக்காது, தூசி வராது என்ற முடிவுகள் மட்டும்தான் சுருக்கத்தில் இருக்கும். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது முழு அறிக்கையில், அதிலும் கடைசியில் இணைத்திருக்கும் கடிதங்களிலும் வரைபடங்களிலும் இருக்கிறது. எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் வாசித்துச் சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஊரில் அப்படி ஒரு பிள்ளை கட்டாயம் இருக்கும், கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

கையில் கிடைப்பது வரைவுதான் என்பதை மறக்க வேண்டாம். கூட்டத்தில் மக்கள் எழுப்பும் முக்கியமான சுற்றுச்சூழல் கேள்விகளுக்கு விண்ணப்பதாரர் பதில் சேர்த்து, தேவையான இடத்தில் திருத்திய பிறகுதான் இறுதி அறிக்கை போகும். நீங்கள் சொல்வதற்கு இடம் இருப்பது இந்தக் கட்டத்தில்தான்.

முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள்

நான் முதலில் செய்த தவறு இது. நாட்டுக்குக் கனிமம் ஏன் தேவை என்று பத்துப் பக்கம் படித்தே இரண்டு நாள் போய்விட்டது. குத்தகைப் பகுதியின் மூலைகளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்த அட்டவணை ஒன்று இருக்கும். அதை முதலில் எடுங்கள். பக்கத்திலேயே புல எண்ணும் பரப்பும் இருக்கும்.

ஒவ்வொரு மூலையின் எண்ணையும் செல்போன் வரைபடத்தில் போட்டுக் குறித்துக்கொண்டு, நேரில் அங்கே போய் நில்லுங்கள். எல்லைக்கல் நட்டிருந்தால் பாருங்கள். அப்புறம் கிராம வரைபடத்தையும் அந்தப் புல எண்களின் புலப்படத்தையும் வாங்கி, அறிக்கையில் உள்ள வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். எங்கள் கிராம வரைபடத்தில் குத்தகைப் பகுதியின் வடமேற்கு மூலையை ஒட்டி ஒரு ஓடை போகிறது. அறிக்கையின் படத்தில் ஓடை இல்லை, ‘வண்டிப்பாதை’ என்று போட்டிருந்தார்கள். வருஷத்தில் பத்து மாதம் அது வண்டிப்பாதை மாதிரித்தான் இருக்கும். ஐப்பசியில் நாலு நாள் மழை அடித்தால் முழங்கால் அளவு தண்ணீர் ஓடி, கீழே இருக்கும் குட்டையை நிரப்பும். ஆடுமாடு கோடை வரைக்கும் குடிப்பது அந்தக் குட்டையில்தான்.

இனி 300 மீட்டர் விஷயம். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-இன்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக்கூடாது. தூரத்தைக் குத்தகை எல்லையிலிருந்து அளக்க வேண்டும், குழியின் நடுவிலிருந்து அல்ல. ஒரு நாள் காலையில் மூன்று பேரோடு போய் எல்லையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தூரம் பார்த்தோம். 140, 190, 235, 280 மீட்டரில் நாலு வீடு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, முன்னாடியே தெரிந்துகொள்ளுங்கள். அந்த விதியில் குடியிருப்பு என்பதற்கு வருவாய்ப் பதிவேட்டையும் அங்கீகாரம் பெற்ற மனையையும் வைத்துப் பொருள் சொல்லியிருக்கிறது. பட்டா நிலத்தில் கட்டிய தோட்டத்து வீட்டைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று வாதாட அதில் இடம் கிடைத்துவிடுகிறது. அதனால் ‘வீடு இருக்கிறது’ என்று வாயால் சொன்னால் போதாது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை என்று எது அந்த முகவரியில் இருக்கிறதோ அதன் நகல்களையும், தேதியோடு போட்டோவையும், வீடு நிற்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையையும் சேர்த்து வையுங்கள். விதியின் சொல்லுக்குள் அந்த வீடு வராமல் போனாலும், அதில் மனுஷர் குடியிருப்பதையும் வெடிச் சத்தமும் தூசியும் அவர்கள் மேல்தான் விழும் என்பதையும் அனுமதி விண்ணப்பத்தை ஆராயும் மதிப்பீட்டுக் குழு பார்த்தே ஆக வேண்டும். கோழிக்குஞ்சு வளர்த்துப் பிழைக்கும் ஒரு ஆத்தா அந்த 140 மீட்டர் வீட்டில் இருக்கிறார். அவரை ஒரு தாளிலாவது ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் எனக்கு அன்றைக்கு இருந்த ஒரே எண்ணம்.

பக்கத்துக் குழிகளையும் கணக்கில் சேருங்கள்

எங்கள் திட்டத்தின் பரப்பு 4.6 ஹெக்டேர், அதாவது 11 ஏக்கர் சொச்சம். 5 ஹெக்டேருக்குக் கீழே இருந்தால் தனி ஆய்வறிக்கையும் கருத்துக்கேட்பும் இல்லாமல் முடிந்துவிடும் என்பதால் பல குத்தகைகள் இந்த அளவில்தான் கேட்கப்படுகின்றன. ஆனால் ஒரு குத்தகையின் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் அதே கனிமத்துக்கு வேறு குத்தகைகளும் இருந்தால் எல்லாம் சேர்ந்து ஒரு தொகுப்பு. தொகுப்பின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் அறிக்கையும் வேண்டும், கூட்டமும் வேண்டும். சிறு குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீபக் குமார் வழக்கில் சொன்னதுதான் இதற்கெல்லாம் தொடக்கம்.

500 மீட்டருக்குள் என்னென்ன குவாரி இருக்கிறது என்று கனிமவளத்துறை கொடுத்த கடிதம் அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நேரில் போய் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கைவிட்ட பழைய குழிகளைப் பரப்புக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு விதியில் வழி இருக்கிறது. ஆனால் அந்தக் குழி நிலத்தில் இருக்கத்தானே செய்கிறது? வேலி இல்லாத குழியில் தேங்கிய தண்ணீர், அதில் விழுந்த ஆடுகள், பக்கத்துக் கிணற்றில் ஊற்று குறைந்தது என்று எல்லாவற்றையும் எழுதலாம்.

இன்னொன்றும் பாருங்கள். மூன்று குவாரி சேர்ந்த தொகுப்பு என்றால் மூன்று குவாரியின் தூசி, லாரி, வெடி எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பிட்டிருக்க வேண்டும். எங்கள் அறிக்கையில் ஒரு குவாரிக்கு மட்டும் கணக்குப் போட்டு, தலைப்பில் மட்டும் தொகுப்பு என்று இருந்தது.

லாரிக் கணக்கு

இதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதும். இவ்வளவு எளிதாகச் சரிபார்க்கக் கூடியது அறிக்கையில் வேறு எதுவும் இல்லை என்பேன்.

அஞ்சு வருஷத்தில் 5,40,000 கன மீட்டர் கல் எடுப்பதாகச் சுரங்கத் திட்டத்தில் இருந்தது. வருஷத்துக்கு 1,08,000. வேலை நாள் 270 என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். வகுத்தால் நாளொன்றுக்கு 400 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2.6 டன் எடை. ஆக 1,040 டன். ஒரு டிப்பருக்கு 20 டன் என்று வைத்தால் 52 லோடு. போன வண்டி திரும்பி வர வேண்டும், எனவே எங்கள் ரோட்டில் 104 தடவை லாரி கடக்கும். பத்து மணி நேர வேலை என்றால் கிட்டத்தட்ட ஆறு நிமிஷத்துக்கு ஒன்று.

போக்குவரத்துப் பகுதியைப் புரட்டினால் ‘நாளொன்றுக்கு 25 லோடு’ என்று இருந்தது. அந்த 25-ஐ வைத்துத்தான் தூசி, சத்தம், சாலைத் தாங்குதிறன் மூன்றையும் கணக்கிட்டிருந்தார்கள். ஒன்று, எடுக்கும் கல்லின் அளவு தவறு. இல்லையென்றால் லாரி எண்ணிக்கை தவறு. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. கூட்டத்தில் அண்ணன் மகள் இதை அப்படியே வாசித்தபோது மேடையில் யாரிடமும் பதில் இல்லை.

அந்த ரோட்டில் யார் நடக்கிறார்கள் என்பதையும் எண்ணுங்கள். நான் ஒரு வேலை நாளில் காலை 7 மணி முதல் 10 மணி வரை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து எண்ணினேன். பள்ளிக்கு நடந்து போன பிள்ளைகள் 38, சைக்கிள் 61, பால் வண்டி 4, ஆட்டுக் கூட்டம் 5. அறிக்கையில் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

தூசி அடக்கத் தண்ணீர் தெளிப்போம் என்று எழுதாத அறிக்கை கிடையாது. அதற்கும் கணக்குப் போடுங்கள். எங்கள் மண்பாதை இரண்டரை கிலோமீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். மொத்தம் 15,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தெளித்தால்கூட ஒரு தடவைக்கு 15,000 லிட்டர் வேண்டும். சித்திரை வெயிலில் அது அரை மணியில் காய்ந்துவிடும். அறிக்கை ஒதுக்கியிருந்தது நாளைக்கு 1,500 லிட்டர். அதுவும் ‘வெளியிலிருந்து டேங்கர் மூலம்’. எந்தக் கிணற்றிலிருந்து என்று கேளுங்கள். அடுத்த ஊர்க் கிணறு வற்றினால் அதுவும் இந்தத் திட்டத்தின் பாதிப்புதான்.

கிணறு

எங்களுக்கு உயிர் போகும் விஷயம் இது. அறிக்கையில் இருந்த வாசகம்: நிலத்தடி நீர்மட்டம் 60 மீட்டருக்குக் கீழே உள்ளது, குவாரியின் ஆழம் 45 மீட்டர், எனவே நீர்மட்டத்தைத் தொடாது.

60 மீட்டர் என்றால் ஏறக்குறைய 200 அடி. எங்கள் திறந்த கிணறுகளே 70, 80 அடிதான் ஆழம். மழைக்காலம் முடிந்ததும் 35 அடியில் தண்ணீர் நிற்கும். 200 அடியில்தான் தண்ணீர் என்றால் இத்தனை தலைமுறையாக நாங்கள் எதை இறைத்தோம்?

எப்படி இந்த எண் வந்தது என்று தேடினால், அளந்தது ஆழ்துளைக் கிணறுகளை மட்டும், அதுவும் தள்ளி இருக்கும் ஊர்களில். எங்கள் நிலம் கடினப் பாறை. மேலே கொஞ்சம் மண், அதன் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்பும் இடுக்குமாகப் பாறை. திறந்த கிணற்றுக்கு ஊற்று வருவது இந்தச் சிதைந்த பாறையிலிருந்தும் இடுக்குகளிலிருந்தும்தான். பக்கத்தில் 45 மீட்டர் குழி தோண்டினால் கிணற்றுக்கு வரவேண்டிய நீர் குழிக்குள் கசியும், அதை மோட்டார் வைத்து வெளியே இறைப்பார்கள். ஆழத்தில் இருக்கும் நீரை மட்டும் காட்டி மேலே இருக்கும் நீர் பாதிக்காது என்று சொல்ல முடியாது.

இதை நிரூபிக்கப் பெரிய கருவி வேண்டாம். நூறு அடிக் கயிறு, நுனியில் கட்ட ஒரு கல், அடிக்கு ஒரு முடிச்சு. குத்தகை எல்லையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாக் கிணற்றையும் பட்டியல் போடுங்கள். சொந்தக்காரர் யார், மொத்த ஆழம் எவ்வளவு, இன்றைக்கு நீர்மட்டம் எவ்வளவு, எத்தனை ஏக்கர் பாய்கிறது, குடிக்கவும் அதுதானா என்று எழுதுங்கள். காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் இறைத்து வற்றிய மட்டத்தைத்தான் எழுதுவீர்கள். மறக்காமல் இருக்க நாங்கள் அமாவாசைக்கு அமாவாசை அளக்கிறோம். 23 கிணறு, இரண்டு மணி நேர வேலை.

கூட்டத்துக்கு முன் உங்களால் ஒரே ஒரு தடவைதான் அளக்க முடியும் என்றாலும் அளந்துவிடுங்கள். நாளைக்குக் கிணறு வற்றினால் ‘முன்பு எவ்வளவு இருந்தது’ என்ற கேள்விக்கு ஊரிடம் இருக்கும் ஒரே சான்று அந்த நோட்டுத்தான்.

காற்றும் வெடியும்

அறிக்கைக்கான அடிப்படைத் தரவை மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில், அதாவது மூன்று மாதம் எடுத்தால் போதும் என்று அனுமதிக்கிறார்கள். எந்த மூன்று மாதம் என்று பாருங்கள். எங்கள் அறிக்கையில் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது காற்று கிழக்கேயிருந்து மெல்ல வீசும். அதனால் தூசி மேற்கே ஆள் இல்லாத கரட்டுப் பக்கம் போகும் என்று படம் போட்டிருந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கும் மேல்காற்றை அந்தப் படத்தில் காணோம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த மாதங்களில் தூசி முழுக்கக் கிழக்கே, ஊர் மேலேயும் முருங்கைத் தோட்டத்து மேலேயும்தான் இறங்கும்.

அளவுகோல்களில் இரண்டு மூன்றைத் தெரிந்து வைத்தால் அட்டவணையைப் படிக்கலாம். பி.எம். 10 என்ற நுண்தூசி 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 100 மைக்ரோகிராமையும், அதைவிட நுண்ணிய பி.எம். 2.5 என்பது 60-ஐயும் தாண்டக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் சத்தம் பகலில் 55 டெசிபல், இரவில் 45. எண்கள் வரம்புக்குள் இருப்பதைவிட, கருவியை எங்கே வைத்து அளந்தார்கள் என்பதுதான் முக்கியம். அதற்கும் அட்சரேகை கொடுத்திருப்பார்கள், போனில் போட்டுப் பாருங்கள்.

வெடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நில அதிர்வுக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் வரம்பு வைத்திருக்கிறது. அதிர்வெண் குறைவான அதிர்வுக்கு, குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடுகளில் விநாடிக்கு 5 மில்லிமீட்டர். அனுமதி வருவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டுச் சுவரையும், கிணற்றுக் கட்டையும், கோயிலையும் தேதி தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துவிடுங்கள். பின்னால் விரிசல் வந்தால் ‘அது பழைய விரிசல்’ என்றுதான் முதல் பதில் வரும்.

‘தரிசு’ என்று எழுதியதை விடாதீர்கள்

நிலப் பயன்பாட்டுப் பகுதியில் குத்தகை நிலமும் சுற்றியுள்ள நிலமும் ‘தரிசு, புதர்’ என்று இருந்தது. அது கொறங்காடு. கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல் வளர விட்டு, நடுநடுவே வெள்வேல மரம் நிற்கும் மேய்ச்சல் காடு. காங்கேயம் மாடுகளும் மேச்சேரி ஆடுகளும் இந்தப் புல்லில்தான் வளர்கின்றன. மழை குறைந்த வருஷத்தில் வெள்வேலங்காய்தான் ஆட்டுக்குத் தீனி. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து பட்டி போட்டு, மாற்றி மாற்றி மேய்த்துக் காப்பாற்றிய நிலத்தை வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்துத் தரிசு என்கிறார்கள். எனக்கு அறிக்கையிலேயே அதிகம் வலித்த சொல் அதுதான்.

மறுப்பை எழுதும்போது எண்ணோடு எழுதுங்கள். அரை கிலோமீட்டருக்குள் எத்தனை பட்டி, எத்தனை மாடு, எத்தனை ஆடு, வருஷத்தில் எத்தனை மாதம் மேய்கின்றன. எங்கள் ஊரில் வீடு வீடாகக் கேட்டு எழுதியதில் 46 மாடும் 610 ஆடும் வந்தது.

உயிரினப் பட்டியலையும் ஊர்ப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். ஆடு மேய்ப்பவர்களைவிட நல்ல சாட்சி கிடையாது. எங்கள் அறிக்கையில் முக்கியப் பயிர் நெல்லும் கரும்பும் என்று இருந்தது. கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். முருங்கையும் சோளமும் விளையும் ஊரில் கரும்பு எங்கிருந்து வந்தது? வேறு ஏதோ ஊருக்கு எழுதியதை இங்கே ஒட்டியிருக்கிறார்கள். இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்க அறிக்கையில் ரஷ்யாவின் சுரங்க அறிக்கையிலிருந்து பத்திகள் அப்படியே வந்திருந்தது அம்பலமானது. மயில், எறும்புத்தின்னி இரண்டும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. பார்த்திருந்தால் எந்த இடம், எந்த மாதம் என்று எழுதுங்கள், போட்டோ இருந்தால் சேருங்கள். பார்க்காததைச் சேர்க்க வேண்டாம். ஒரு பொய் கலந்தாலும் மற்ற எல்லா உண்மையும் எடுபடாமல் போய்விடும்.

வேண்டுமென்றே மறைத்தாலோ தவறான தரவு கொடுத்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று அந்த 2006 அறிவிக்கையிலேயே இருக்கிறது. கோவா மோப்பா விமான நிலைய வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம், சுற்றியுள்ள காடுகளைப் பற்றி விண்ணப்பத்தில் சரியாகச் சொல்லாததைக் கடுமையாக எடுத்துக்கொண்டு, அனுமதியை நிறுத்தி வைத்து மறுபடி ஆராயச் சொன்னது.

மனுவும் கூட்டமும்

மனுவைத் தமிழில் எழுதுங்கள். ‘குவாரி வேண்டாம்’ என்று ஒரே வரியில் 300 கையெழுத்து வாங்குவதைவிட, ‘அறிக்கை பக்கம் இன்ன எண்ணில் இப்படி உள்ளது, நாங்கள் இன்ன தேதியில் நேரில் பார்த்தது இது, சான்று இணைப்பு இன்ன எண்’ என்று பன்னிரண்டு வரி எழுதுவது வலுவானது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கூட்டத்துக்கு முன்பே கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். ஒரு பிரதியை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள்.

கூட்டத்தைப் புறக்கணிக்கலாம் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதி இல்லை. நீங்கள் போகாவிட்டாலும் அது நடந்து முடிந்த கூட்டம்தான். கலாட்டா செய்து நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. ஊர் நிலைமை சரியில்லை, மக்கள் சுதந்திரமாகப் பேச முடியாது என்று அறிக்கை போனால், நேரடிக் கூட்டம் இல்லாமலே முடிவெடுக்க அறிவிக்கையில் இடம் உண்டு.

கலெக்டரோ அவருடைய பிரதிநிதியாகக் கூடுதல் கலெக்டர் நிலைக்குக் குறையாத ஒருவரோ தலைமை வகிப்பார். முழுவதும் வீடியோ எடுப்பார்கள். ஆளுக்கொரு விஷயமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கிணற்றைப் பற்றிக் கிணற்றுக்காரர், லாரியைப் பற்றிப் பள்ளிப் பிள்ளையின் தாய், மேய்ச்சலைப் பற்றி ஆடு மேய்க்கும் மாமா. மூன்று நிமிஷம் போதும். எங்கள் கூட்டத்தில் வேலை கிடைக்கும் என்பதற்காகக் குவாரி வேண்டும் என்று நாலு இளைஞர்கள் பேசினார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைக் கூச்சலிட்டு உட்கார வைக்கப் பார்த்தபோது நாங்கள்தான் தடுத்தோம். வேலை இல்லாதது அவர்களுடைய உண்மையான கஷ்டம், அதையும் பதிவு செய்ய வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். பேசியவற்றின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் முடிக்க வேண்டும். எங்களுக்கு வாசித்தபோது லாரிக் கணக்கு விட்டுப்போயிருந்தது. அந்த இடத்திலேயே எழுந்து சொல்லிச் சேர்க்க வைத்தோம்.

அதற்கு அப்புறம் மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஆராயும், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவெடுக்கும். குழுவின் கூட்டக் குறிப்புகள் பரிவேஷ் தளத்தில் வரும், வாரம் ஒருமுறை பாருங்கள். அனுமதி கொடுத்தால் 30 நாளுக்குள் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்கலாம், அதற்கு மேல் கிடையாது.

எங்கள் விஷயத்தில் குழு கூடுதல் விவரம் கேட்டுத் திருப்பி அனுப்பியது. வீடுகளை மறுபடி அளந்தார்கள், நாலும் ஏறியது. ஓடையை ஒட்டிய மூலையும் கிழக்குப் பக்கத்தில் ஒரு துண்டும் நீக்கப்பட்டு, ஆழம் 45 மீட்டரிலிருந்து 30 ஆகக் குறைந்து அனுமதி வந்தது. நாங்கள் கேட்டது அது இல்லை. ஊரில் சிலருக்கு இன்னும் என் மேல் வருத்தம் உண்டு, இன்னும் அழுத்தியிருக்கலாம் என்று.

அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை நிறைவேற்றியதாக ஒவ்வொரு வருஷமும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் குவாரிக்காரர் அறிக்கை கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். போன ஜூன் அறிக்கையில் வேலியோரம் 400 மரக்கன்று நட்டதாக இருக்கிறது. நானும் அண்ணன் மகளும் எண்ணினோம், உயிரோடு இருப்பது 57. அந்த எண்ணிக்கையைப் போட்டோவோடு அனுப்பியிருக்கிறோம், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு.